எரிக்கச் சொன்ன துணிகள்

இன்று காலை பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே யாரோ துணி எரித்தார்கள். நாளை பொங்கல். மூன்றாம் மாடிப் பெண், பழைய தகர டின் ஒன்றில் பாயையும் தலையணை உறையையும் பிள்ளைகளின் சட்டைகளையும் போட்டு நெருப்பு வைத்திருந்தாள். சமையலறைச் சன்னல் வழியாக அந்த வாசனை வந்ததுமே கரண்டியை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனேன். பருத்தி எரிகிற வாசனை காகிதம் எரிவதைப் போலத்தான் இருக்கும், ஆனால் எத்தனை தூரத்திலிருந்து வந்தாலும் எனக்கு வித்தியாசம் தெரியும்.

"ஏம்மா, நல்ல சட்டையெல்லாம் போட்டு எரிக்கிறியே?"

"போகி, ஆன்ட்டி. பழசுலா. இப்ப யாரு இதெல்லாம் போடுவா?"

எரியாமல் மிச்சமிருந்த மூட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் மறுக்கவில்லை. பாவம், கிழவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். மதியத்துக்குள் அத்தனைக்கும் ஆள் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் இந்த மேசையில் உட்கார்ந்தேன். நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரப்போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் வேறு யாருக்கு எழுத?

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்த காலத்தில் உனக்கும் எனக்கும் ஒரே வயது, இருபத்து நான்கு. என் அப்பா துறைமுக அலுவலகத்தில் கிளார்க். டவுனில் முதன்முதலாகக் குண்டு விழுந்த அன்று வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. பர்மா ரோட்டுச் சந்து ஒன்றில் ஒரு பின்னறையில் அம்மாவும் நானும் மட்டும் மிஞ்சினோம். உன் புருஷனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். நீ சூலியா ஸ்ட்ரீட் பக்கத்தில் ஒரு கடைவீட்டு மாடியறையில் உன் மாமியாரோடு இருந்தாய். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும், உனக்குத் தையல் தெரியும். அதற்காகத்தான் நம் இருவரையும் நார்தம் ரோட்டு பங்களாவில் சேர்த்தார்கள்.

ஓடிப்போன வெள்ளைக்காரர்களின் வீட்டுச் சாமான்கள் லாரி லாரியாக அங்கே வந்து இறங்கும். பெட்டிகளின் மேல் எழுதியிருப்பதை வாசித்துப் பிரித்து வைப்பது என் வேலை. கிழிந்ததைத் தைப்பது உன் வேலை. கம்பளி, படுக்கை விரிப்பு, துவாலை எல்லாம் பட்டாள ஆஸ்பத்திரிக்குப் போகும். மிச்சத்தை, மூக்குக்கண்ணாடி போட்ட அந்த ஜப்பானிய மேலாளர் வந்து ஒரு பிரம்பால் கிளறிப் பார்ப்பார். பெண்களின் கவுன்கள், குழந்தைகளின் சட்டைகள், பூஞ்சை பிடித்த திரைச்சீலைகள். "தா பாக்காய்," என்பார். "பாக்கார்." வேண்டாதது, எரி என்பதற்கு அவருக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான். பின்பக்கம் வாதுமை மரத்தடியில் ஒரு குழி இருந்தது. எரிக்கிற வேலையும் நம்முடையதே.

தையலறைச் சன்னலிலிருந்து கடல் தெரியும். அக்கரையில் பட்டர்வொர்த் தெரியும். பாஸ் இல்லாமல் படகில் ஏற முடியாது. வேலையை விட்டு நிற்கவும் முடியாது, நின்றால் நம் பெயர் வேறொரு பட்டியலுக்குப் போகும். அந்தப் பட்டியலில் பெண்களுக்கு என்ன வேலை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காலையில் வாசல் காவல்காரனுக்கு இடுப்பை வளைத்து வணக்கம் போட்டு உள்ளே போனால், மாலையில் அவன் உடம்பைத் தட்டிப் பார்த்து அனுப்பும்வரைக்கும் அந்த மதிலுக்குள்தான். "கூண்டுக்குள்ள இருந்துக்கிட்டு வேடிக்கை பாக்கக் கடலு வேற," என்று நீ ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொல்வாய்.

வெளியே சனங்கள் சாக்கைக் கத்தரித்து உடுத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் சந்தின் கடைசி வீட்டில் ஒரு தாயும் வயதுக்கு வந்த இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். அப்பன் சயாமில். பல நாளாக அந்தப் பெண்களை யாரும் பார்க்கவில்லை என்று அம்மா அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் வைத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். கதவு ஒரு விரல்கடை மட்டும் திறந்தது.

"உள்ள வராதீங்கம்மா," என்றது ஒரு குரல். "வெளிய வச்சிட்டுப் போங்க."

"ஏன் பிள்ளை, காய்ச்சலோ?"

"காய்ச்சல் இல்லம்மா. எங்க மூணு பேருக்கும் ஒரு கைலிதான் இருக்கு. அம்மா அதக் கட்டிக்கிட்டு அரிசிக்குப் போயிருக்காங்க. அவங்க வந்தாத்தான் நாங்க எந்திரிக்க முடியும்."

மறுநாள் குழிக்கரையில் நின்று இதை உன்னிடம் சொன்னேன். உன் கையில் குழந்தைக் கவுன்கள் ஒரு கட்டு இருந்தன. நெஞ்சுப் பக்கம் தேன்கூடுபோலச் சுருக்குத் தையல் போட்ட கவுன்கள். நீ அவற்றை நெருப்பில் போடவில்லை. ஒன்றை விரித்துக் கையால் முழம் போட்டாய்.

"இதுல ஆறு கவுனப் பிரிச்சா ஒரு பாவாடை வரும்லா."

முதலில் நேர்வழியில்தான் போனாய். அதை நான் எல்லாரிடமும் சொல்ல வேண்டும். மேலாளர் முன்னால் போய் நின்று, வேண்டாததைத்தானே எரிக்கிறோம், இல்லாதவர்களுக்குக் கொடுக்கலாமா என்று மலாயில் கேட்டாய். அவர் கோபப்படவில்லை. எதிரியின் பொருள் வெளியே போகக் கூடாது என்றார். விரலைக் கழுத்தின் குறுக்கே மெதுவாக இழுத்துக் காட்டினார். அவர் அப்போது சிரித்தாரா இல்லையா என்று நாம் வீடு வரைக்கும் பேசிக்கொண்டே போனோம்.

அந்த வாரம்தான் நீ ஒன்றைக் கவனித்தாய். தரை துடைக்க வந்த ஒரு சீனப் பெண் நிறைமாதம். எல்லாரையும் தட்டிப் பார்த்த காவல்காரன் அவளை மட்டும் தொடாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு போகச் சொன்னான்.

"ஏய் யாழ்ப்பாணம்," என்றாய். என்னை நீ அப்படித்தான் கூப்பிடுவாய். "நான் முழுவாம இருக்கேன்."

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்?"

"நீரு, கீருன்னு மரியாதையா ஏசுறியே, ஒன்னால மட்டுந்தான் முடியும்," என்று சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒங்க வீட்ல ஒரு சாக்குப் பை தைக்கணும். ஒங்கம்மா சம்மதிப்பாங்களா?" என்று கேட்டாய்.

அம்மா சம்மதிக்கவில்லை. "இது எங்கை போய் முடியப் போகுதோ," என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். ஆனால் பைக்கு நாடா தைத்தது அவள்தான்.

தினமும் காலையில் எங்கள் அறைக்கு வந்து, தேங்காய் நார் அடைத்த பையை வயிற்றில் கட்டி, மேலே தொளதொள என்று நீண்ட சட்டையைப் போட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாய். பங்களாவுக்குப் போனதும் நார் குழிக்குப் போகும். குழியிலிருந்து தினமும் புகை வரவேண்டுமல்லவா, அதற்கு அது உதவியது. மாலையில் நார் இருந்த இடத்தில் துணி இருக்கும். எங்கள் அறைக்கு வந்து அவிழ்த்துக் கொட்டினால் அம்மா சாம்பல் நீரில் பூஞ்சையைத் தேய்ப்பாள். லேசையும் பொத்தானையும் பிரித்து எடுத்துவிட்டு, மங்குஸ்தான் தோலோடு சேர்த்து அவித்துப் பழுப்பாக்குவாள். எந்த வீட்டுத் திரைச்சீலை என்று அதன் பழைய சொந்தக்காரிக்கே தெரியாது. நீ அதை வெட்டித் தைத்து முடித்ததும், கிழங்குக் கூடைக்கு அடியில் வைத்து அம்மா ஒவ்வொரு கதவாகப் போய்விட்டு வருவாள். யார் கொடுத்தது என்று சொல்வதில்லை. வாங்குகிறவர்களும் கேட்பதில்லை, அந்தக் காலத்தில் கேள்வி கேட்பது யாருக்கும் நல்லதல்ல.

ஒரு நாள் குழாயடியில் அந்தக் கடைசி வீட்டுப் பெண்கள் இருவரும் வாளியோடு நின்றார்கள். வெயில் பட்டுப் பல நாளானதால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். நீ அவர்களைப் பார்த்துவிட்டு, என் கையைக் கிள்ளினாய். அவ்வளவுதான். அன்று மாலை வழக்கத்தைவிட இரண்டு கவுன் கூடுதலாகக் கட்டிக்கொண்டு வந்தாய்.

வயிறு மாதத்துக்கு மாதம் வளரவேண்டியிருந்தது. அது நமக்கு வசதியாகவும் இருந்தது. நாலாம் மாதத்தில் சட்டை போனது, ஆறாம் மாதத்தில் திரைச்சீலையே போனது. நீ முதுகில் கை வைத்து நடக்கப் பழகிக்கொண்டாய். நானோ ஒவ்வொரு மாலையும் அந்த வாசல் நெருங்க நெருங்க, எட்டு, ஒன்பது என்று மாதங்களை எண்ணிக்கொண்டே நடப்பேன். இந்தப் பாதை ஒரு சுவரில் போய் முட்டும் என்று நம் இரண்டு பேருக்குமே தெரியும். அதைப் பற்றி நாம் பேசியதில்லை.

சுவர் வருவதற்குள் உன் மாமியார் வந்தார். உங்கள் தெருப் பெண் யாரோ உன்னை வழியில் அந்த வயிற்றோடு பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறாள். பர்மா ரோட்டு முனையில், வேலை முடிந்து வருகிற நேரம் பார்த்து நின்றுகொண்டிருந்தார். உன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. வயிற்றைத்தான் பார்த்தார்.

"எம் மவன் போயி ஒன்றரை வருஷம் ஆச்சு," என்றார்.

நீ முக்காட்டை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாய்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லு. எவனாச்சும் கையப் புடிச்சு இழுத்தானா? அப்படின்னாலும் சொல்லு. நான் தாங்கிக்கிறேன்."

அந்த இடத்தில் நானாக இருந்தால் அழுது எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உன் சட்டைக்குள் யாரோ ஓர் ஆங்கிலேயக் குழந்தையின் ஏழு கவுன்கள் இருந்தன.

"இனிமே எம் மவன் வீட்டுப் படி ஏறாத. நீ ஏறுனா நான் எறங்கிப் போயிடுவேன்," என்று சொல்லிவிட்டு நடந்தார். செருப்பில்லாத கால்.

எங்கள் அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் நான் உன்மேல் பாய்ந்தேன். "அவவிட்டை மட்டும் சொன்னால் என்ன? அவ நம்புவா!"

நீ பையின் நாடாவை அவிழ்த்துக்கொண்டே சொன்னாய். "நம்புவாங்க. அதான் பயமே. நம்புனாங்கன்னா எம் மருமக பத்தினின்னு தெருத் தெருவாப் போயி என் பேரக் காப்பாத்துவாங்க. மறுநாளு நம்ம மூணு பேரு தலையும் இருக்காது."

அன்று முதல் நீ எங்களோடு தங்கினாய். குழாயடிக்கு நீ வந்தால் பெண்கள் வாளியை நகர்த்தி வைப்பார்கள். அந்தக் கடைசி வீட்டுப் பெண்களும்தான் நகர்த்தினார்கள், நீ தைத்த பாவாடையைக் கட்டிக்கொண்டே. நான் பக்கத்தில் நின்று தண்ணீர் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு அந்தப் பால் டின் வந்தது. ஒரு மதியம் மேலாளர் தையலறைக்கு வந்து, உன் மேசையில் ஒரு பால் டின்னை வைத்தார். தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறுமியின் போட்டோவை எடுத்துக் காட்டினார். அவர் மகளாம். பிறகு, அடுத்த வாரம் பட்டாள டாக்டர் இங்கே வருகிறார், உன்னைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன் என்றார். "டாக்டர். பாகுஸ்," என்று கட்டைவிரலை உயர்த்தினார். நீ எழுந்து இடுப்பை வளைத்து வணங்கினாய். அந்த மனிதர் ஒரே ஒருமுறை மனிதராக நடந்துகொண்டார். அதில்தான் நாம் வசமாக மாட்டிக்கொண்டோம்.

ஓட இடமில்லை. நீ வராமல் நின்றால் வீடு தேடி வருவார்கள். டாக்டர் தொட்டால் பை தெரியும். ஒரே வழிதான் இருந்தது. மூன்று நாள் நீ எங்கள் அறையிலேயே படுத்திருந்தாய். நான் மட்டும் தனியாகப் போய் மேலாளர் முன் நின்று, நீ சொல்லிக்கொடுத்த இரண்டு சொற்களைச் சொன்னேன். "அனாக் மாத்தி." பிள்ளை செத்துப்போனது. அவர் தொப்பியைக் கழற்றினார். நாலாம் நாள் நீ வெறும் வயிற்றோடு வாசலைக் கடந்தபோது, காவல்காரன் உன்னையும் மற்றவர்களைப்போலத் தட்டிப் பார்த்துத்தான் விட்டான்.

அதற்குப் பிறகு வழி அடைபட்டுவிட்டது. நான் கல்யாணமாகாதவள், என்னால் அந்த வேஷம் போட முடியாது. சட்டை உள்மடிப்பில் கைக்குட்டை அளவுக்கு ஒரு துண்டை வைத்துத் தைத்துக்கொண்டு வருவாய், அவ்வளவுதான் முடிந்தது. மற்றதையெல்லாம் நம் கையாலேயே குழியில் போட்டோம். சண்டை முடிகிற வரைக்கும் போட்டோம்.

முடிந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். வந்த கொஞ்ச நாளில், தங்கள் வீடுகளிலிருந்து போன சாமான்களைத் தேட ஆரம்பித்தார்கள். போலீசுக்காரர்கள் வீடு வீடாகப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். ஜப்பான்காரனுக்கு அது எதிரியின் சொத்து, இவர்களுக்குத் திருட்டுச் சொத்து. எனக்கு அப்பா இருந்த அலுவலகத்திலேயே வேலை கிடைத்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

சயாமிலிருந்து திரும்பிய ஒருவர், உன் புருஷன் அங்கே பேதியில் போய்விட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சேதியோடு உன் மாமியார் படுத்தவர்தான். நீ போய் அந்தப் படியேறினாய். அவர் இறங்கிப் போகவில்லை, இறங்க உடம்பில் தெம்பு இல்லை. நீ ஊட்டியதைச் சாப்பிட்டார். நீ குளிப்பாட்டினால் குளித்தார். ஐந்து வருஷம், சாகும்வரைக்கும், உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"இப்பவாவது நான் போய்ச் சொல்லட்டே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேணாம்பா. மவன் போன துக்கமே அவங்களுக்குப் போதும். மருமவள வெரட்டுன பாவத்தையும் ஏன் தலைல ஏத்துற?"

நீ தடுத்ததால்தான் சொல்லவில்லை என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. நீ வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எனக்கு வேலை இருந்தது, பென்ஷன் இருந்தது, நல்ல குடும்பத்துப் பெண் என்ற பெயர் இருந்தது. உன் பெயரை எரித்துத்தான் நான் என் கஞ்சியைக் காய்ச்சிக் குடித்தேன். நீ மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் கேட்டும் வரவில்லை. ஆயர் ஈத்தாம் பாசார் பக்கத்தில் ஒற்றைத் தையல் மெஷினோடு உட்கார்ந்து நாற்பது வருஷத்தை ஓட்டினாய்.

நீ மவுத்தாகி உன்னை எடுத்துக்கொண்டு போன அன்று ஆயர் ஈத்தாம் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் யாரோ ஒருத்தி தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சப்பான்காரன் காலத்துல ஒரு புள்ள உண்டாச்சாம். என்னா பண்ணுனாங்களோ, யாருக்குத் தெரியும்."

நான் எழுந்து நின்றேன். முட்டி வலிக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குழியைச் சொன்னேன். கவுன்களை, நாரை, வாசலை, உன் மாமியாரை, குழாயடியில் நான் வாய் மூடி நின்றதையும் சொன்னேன். யாழ்ப்பாணத் தமிழும் இந்த ஊர்த் தமிழும் கலந்து குழறிக்கொண்டு வந்தது. முடித்ததும் உன் தெருவிலிருந்து வந்திருந்த ஒரு கிழவி, "இத அப்பவே சொல்லியிருக்கலாமே, தங்கச்சி," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் இன்னும் வலிக்கிறது. சிலர் நம்பினார்கள். சிலர், சிநேகிதிக்காகக் கதை கட்டுகிறாள் என்று நினைத்திருக்கலாம். யாரோ எனக்கு ஒரு கிளாஸ் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் அங்கே நான் சொல்லவில்லை.

நீ எங்கள் அறையில் படுத்திருந்த அந்த மூன்று நாள். காத்திருக்க வேண்டியதுதான் நம் திட்டம், வேறொன்றும் இல்லை. முதல் நாள் நீ வழக்கம்போலச் சிரித்துப் பேசினாய். இரண்டாம் நாள் நான் வேலை முடிந்து வந்தபோது நீ சுவர்ப்பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கிப் படுத்திருந்தாய். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சத்தம் வரவில்லை. பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை, கதவு சாத்தியிருந்தது, யாருக்காகவும் நடிக்க வேண்டிய அவசியம் உனக்கு இல்லை. எனக்கு என்ன செய்வது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். எங்கிருந்து தேடிப் பிடித்தாளோ, கொஞ்சம் மிளகும் நாலு பல் உள்ளியும் ஒரு துண்டு மஞ்சளும் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குத்தான் அந்தக் காயச்சரக்கு கொடுப்பது. அதைக் கரைத்துக் கொதிக்கவைத்து, சிரட்டையில் ஊற்றி, உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிள்ளை இல்லை என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? அந்தப் பைக்கு நாடா தைத்தவள் அவள்.

"இந்தா பிள்ளை, குடி," என்றாள். "உடம்பு ஆறவேணும்."

நீ எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாங்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாய்.